சிறைக் காய்ச்சலும் முதல் இரண்டு வாரங்களும்

1750ஆம் ஆண்டு வசந்த காலம். லண்டனில் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் வழக்குகள் நடந்துகொண்டிருந்தன. நீதிமன்றத்தை ஒட்டியே நியூகேட் சிறைச்சாலை. அங்கிருந்து கைதிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மாதக்கணக்கில் குளிக்காத உடம்பு, மாற்றாத துணி, காற்று வராத அறையில் அடைந்து கிடந்த நாற்றம். நீதிமன்றமோ சின்னது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் வேறு.

விசாரணை முடிந்த சில நாட்களில் சாவு ஆரம்பித்தது. லண்டன் நகரத் தலைவர் சாமுவேல் பென்னன்ட் இறந்தார். இரண்டு நீதிபதிகள் இறந்தார்கள். வக்கீல்கள், ஜூரிகள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நோய். அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் சிறைக் காய்ச்சல்.

இது முதல் தடவையும் இல்லை. 1577இல் ஆக்ஸ்ஃபோர்டில் இதேபோல் ஒரு விசாரணைக்குப் பிறகு சுமார் 300 பேர் இறந்தார்கள். அதிலும் நீதிபதி உண்டு, ஷெரிஃப் உண்டு. 1730இல் டான்டன் நகரிலும் இதே கதை.

"கைதிக்கு எதற்கு வைத்தியம்? தப்பு செய்தவன்தானே, அனுபவிக்கட்டும்" என்று சொல்கிறவர்கள் எல்லாக் காலத்திலும், எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வரலாறு சொல்லும் முதல் பதில் இந்த ஓல்ட் பெய்லி சம்பவம்தான். சிறையின் சுவர் கைதியைத் தடுக்கும். நோயைத் தடுக்காது.

மூலிகைக் கொத்தும் காற்றாலையும்

நீதிபதிகள் செத்த பிறகு லண்டன் விழித்துக்கொண்டது. நோய் கெட்ட காற்றினால் வருகிறது என்பது அன்றைய நம்பிக்கை. அதனால் 1752இல் ஸ்டீஃபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் விஞ்ஞானி வடிவமைத்த காற்றாலை ஒன்றை நியூகேட் சிறையின் கூரை மேல் வைத்தார்கள். அது உள்ளே இருக்கும் கெட்ட காற்றை இழுத்து வெளியே தள்ள வேண்டும். நீதிபதிகளின் மேஜையில் வாசனை மூலிகைகளைப் பரப்பினார்கள். அவர்கள் கையில் பூங்கொத்து பிடிக்கும் வழக்கமும் நிலைத்தது.

உண்மையில் அந்தக் காய்ச்சல் டைஃபஸ். அதைப் பரப்புவது அழுக்குத் துணியில் வாழும் சீலைப்பேன். இதைக் கண்டுபிடிக்க உலகம் 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டூனிஸ் நகரில் வேலை பார்த்த பிரெஞ்சு விஞ்ஞானி சார்ல் நிக்கோல் ஒரு விஷயத்தைக் கவனித்தார். டைஃபஸ் நோயாளிகள் ஆஸ்பத்திரி வாசலில் கிடக்கும்போது மற்றவர்களுக்குத் தொற்றுகிறது. குளிப்பாட்டித் துணி மாற்றி உள்ளே கொண்டுபோன பிறகு தொற்றுவதில்லை. அப்படியென்றால் நோய் துணியில்தான் இருக்கிறது! இந்தக் கண்டுபிடிப்புக்காக அவருக்கு 1928இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, மூலிகைக் கொத்தினால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. கைதிக்கு வெந்நீரும் மாற்றுத் துணியும் கொடுத்திருந்தால் நீதிபதி பிழைத்திருப்பார்.

கணக்கு எடுத்த ஷெரிஃப்

கெட்ட காற்றைப் பற்றிக் கவலைப்பட்ட ஊரில் கைதியைப் பற்றிக் கவலைப்பட்ட ஆள் ஜான் ஹோவர்ட். 1726இல் பிறந்தவர், வசதியான குடும்பம். லிஸ்பன் பூகம்பத்துக்குப் பிறகு போர்ச்சுகலுக்குக் கப்பல் ஏறியபோது வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் மாட்டிக்கொண்டு கொஞ்ச நாள் சிறையில் கிடந்தார். அந்த அனுபவம் அவருக்குள் இருந்திருக்க வேண்டும்.

1773இல் பெட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்துக்கு ஷெரிஃப் ஆனார். ஷெரிஃப் பதவியில் இருப்பவர்கள் பொதுவாகச் சிறைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. இவர் உள்ளேயே போய்விட்டார். அங்கே பார்த்த ஒரு விஷயம் அவரைத் தூக்கிவாரிப்போட்டது. குற்றவாளி இல்லை என்று நீதிமன்றம் விடுதலை செய்தவர்களைக்கூட திரும்ப இழுத்துக்கொண்டுபோய் அடைத்து வைத்திருந்தார்கள். ஏன்? சிறை அதிகாரிக்குக் கட்ட வேண்டிய கட்டணத்தை அவர்கள் கட்டவில்லை! சிறை அதிகாரிக்குச் சம்பளம் கிடையாது. கைதிகளிடம் வசூலிப்பதுதான் அவர் பிழைப்பு.

சிறை அதிகாரிக்குச் சம்பளம் கொடுங்கள் என்று ஹோவர்ட் மாவட்ட நீதிபதிகளைக் கேட்டார். வேறு எந்த மாவட்டத்திலாவது அப்படி முன்னுதாரணம் இருக்கிறதா என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். முன்னுதாரணம் தேடி ஹோவர்ட் குதிரையில் கிளம்பினார். பக்கத்து மாவட்டம், அதற்கடுத்த மாவட்டம் என்று போய்க்கொண்டே இருந்தவர் கடைசியில் நாட்டின் பெரும்பாலான சிறைகளைப் பார்த்துவிட்டார். முன்னுதாரணம் கிடைக்கவில்லை.

சிறைக்குள் போய்விட்டு வந்தால் அவர் துணியிலிருந்து வரும் நாற்றம் தாங்க முடியாது. மூடிய வண்டியில் உட்கார முடியாமல்தான் குதிரையில் போனார். குறிப்பேட்டின் தாள்களையே நெருப்புக்கு முன்னால் ஒரு மணி இரண்டு மணி நேரம் காய வைத்த பிறகுதான் தொட முடிந்தது என்று எழுதியிருக்கிறார். அந்த நாட்களில் இங்கிலாந்தில் சின்னத் திருட்டுக்கும் தூக்கு. அப்படியிருந்தும், தூக்கில் தொங்கியவர்களைவிட சிறைக் காய்ச்சலில் செத்தவர்கள்தான் அதிகம் என்பது ஹோவர்டின் கணக்கு. கோர்ட் விதிக்காத மரண தண்டனையைச் சிறை நிறைவேற்றிக்கொண்டிருந்தது.

1774இல் அவர் நாடாளுமன்றத்தில் சாட்சி சொன்னார். அதே ஆண்டு இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, விடுதலையானவரிடம் கட்டணம் கேட்கக் கூடாது. இன்னொன்று, கைதிகளின் உடல்நலத்துக்கான சட்டம். சுவர்களை வருடத்துக்கு ஒரு முறையாவது சுரண்டிச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், காற்றோட்டம் வேண்டும், நோயாளிகளுக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி அறை வேண்டும், குளிக்கத் தொட்டி வேண்டும், ஒரு மருத்துவரை நியமித்து அவரிடம் அறிக்கை வாங்க வேண்டும். சட்டத்தின் பிரதிகளை ஹோவர்ட் தன் சொந்தச் செலவில் அச்சடித்துச் சிறைகளுக்கு அனுப்பினார். பல சிறைகள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை என்பதை அடுத்தடுத்த பயணங்களில் அவரே பதிவு செய்தார்.

1777இல் அவர் எழுதிய சிறைகளின் நிலை பற்றிய புத்தகம் வெளிவந்தது. 1790 ஜனவரியில், கருங்கடல் பக்கத்தில் இருக்கும் கெர்சன் நகரில், காய்ச்சல் வந்து இறந்தார். வாழ்நாள் முழுக்க எதை எதிர்த்தாரோ அதே டைஃபஸ்தான் என்று கருதப்படுகிறது.

அந்த இரண்டு சட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். ஒன்று உள்ளே இருப்பவனின் உடம்பைப் பற்றியது. மற்றொன்று, வெளியே போக வேண்டியவன் ஒழுங்காக வெளியே போவதைப் பற்றியது. அடுத்த இருநூறு ஆண்டுகளில் உலகம் முதலாவதை மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது. இரண்டாவதை மறந்துபோனது. அந்த மறதியின் விலை என்ன என்பதை அமெரிக்காவின் கதையில் தெளிவாகப் பார்க்கலாம்.

பஞ்சுப் பொதி விழுந்த கைதி

ஹோவர்டின் எழுத்து சீக்கிரமே கடல் தாண்டிவிட்டது. 1787இல் ஃபிலடெல்ஃபியாவில் டாக்டர் பெஞ்சமின் ரஷ் உள்ளிட்டவர்கள் சேர்ந்து சிறைவாசிகளின் துன்பத்தைக் குறைக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆனால் நல்ல மனசுக்காரர்களின் சங்கம் வேறு, சட்டப்படியான உரிமை வேறு. அமெரிக்கக் கைதிக்கு வைத்தியம் கிடைப்பது என்பது வெகுகாலம் அந்தந்தச் சிறை அதிகாரியின் தயவைப் பொறுத்த விஷயமாகவே இருந்தது.

1971 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் அட்டிகா சிறையில் கலகம் வெடித்தது. கைதிகள் வைத்த கோரிக்கைகளில் ஒழுங்கான மருத்துவ வசதியும் ஒன்று. நான்கு நாள் கழித்து அரசாங்கம் துப்பாக்கியோடு உள்ளே புகுந்து சிறையை மீட்டது. மொத்தம் 43 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கம் உள்ளூர்ச் சிறைகளில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குச் சிறைகளில் முதலுதவியைத் தவிர வேறு எந்த வசதியும் இல்லை என்று தெரியவந்தது.

இந்தச் சூழ்நிலையில்தான் ஜே. டபிள்யூ. கேம்பிள் என்ற டெக்சாஸ் கைதியின் வழக்கு வருகிறது. 1973 நவம்பர் 9ஆம் தேதி, சிறை வேலையாக லாரியிலிருந்து பஞ்சுப் பொதிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பொதி அவர் மேல் விழுந்தது. எடை 600 பவுண்டு, அதாவது சுமார் 270 கிலோ. முதுகு போய்விட்டது. வலிக்கிறது என்றார். கொஞ்ச நாள் மாத்திரை கொடுத்துவிட்டு வேலைக்குப் போகச் சொன்னார்கள். முடியாது என்றதற்குத் தனிமைச் சிறை. வக்கீல் யாரும் இல்லாமல் அவரே கைப்பட மனு எழுதினார். அது உச்ச நீதிமன்றம் வரை போனது.

1976 நவம்பர் 30ஆம் தேதி நீதிபதி தர்குட் மார்ஷல் எழுதிய தீர்ப்பு வந்தது. அதன் தர்க்கம் எளிமையானது. வெளியே இருப்பவனுக்கு நோய் வந்தால் அவனே டாக்டரைத் தேடிப் போவான். கைதியால் போக முடியாது, ஏனென்றால் அரசாங்கம் அவனைப் பூட்டி வைத்திருக்கிறது. பூட்டியவர்களுக்குத்தான் அவன் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் கடமை. கைதியின் கடுமையான நோயைத் தெரிந்தே அலட்சியம் செய்வது, கொடூரமான தண்டனையைத் தடை செய்யும் அரசியல் சட்டத்தின் எட்டாவது திருத்தத்துக்கு விரோதம்.

இதில் ஒரு வேடிக்கை, கேம்பிள் தன் வழக்கில் ஜெயிக்கவில்லை. மூன்று மாதத்தில் 17 தடவை மருத்துவ ஊழியர்கள் அவரைப் பார்த்திருக்கிறார்கள், ஆகவே இது அலட்சியம் ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அவர் பெயரில் பிறந்த விதி நிலைத்துவிட்டது. சாதாரண அமெரிக்கக் குடிமகனுக்கு மருத்துவம் அரசியல் சட்ட உரிமை கிடையாது. கைதிக்கு உண்டு!

உரிமை வந்துவிட்டால் வைத்தியம் வந்துவிடுமா? கலிபோர்னியா இதற்கு உதாரணம். அங்கே சிறைகளை 80,000 பேருக்குக் கட்டியிருந்தார்கள். ஒரு கட்டத்தில் உள்ளே இருந்தவர்கள் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2005இல் மத்திய நீதிபதி தெல்டன் ஹெண்டர்சன், ஆறேழு நாளைக்கு ஒரு கைதி தடுத்திருக்கக்கூடிய காரணத்தால் வீணாகச் சாகிறார் என்று பதிவு செய்தார். 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. இவ்வளவு பேரை அடைத்துக்கொண்டு வைத்தியம் கொடுக்க முடியாது, ஆகவே கூட்டத்தைக் குறையுங்கள் என்றது. ஹோவர்ட் 1770களில் கண்ட நெரிசலை ஒரு நீதிமன்றம் 2011இல் திரும்பக் கண்டுபிடித்தது.

1965இல் எழுதிய ஒரு வரி

சரி, கைதி உள்ளே இருக்கும்வரை சட்டம் துணை நிற்கிறது. கதவு திறந்ததும் என்ன ஆகிறது?

இதைப் புரிந்துகொள்ள கேம்பிள் வழக்குக்குப் பதினோரு ஆண்டு முன்னால் போக வேண்டும். 1965 ஜூலை 30ஆம் தேதி அதிபர் ஜான்சன், ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மெடிக்கெய்டைச் சட்டமாக்கினார். அதில் ஒரு விலக்கு இருந்தது. பொது நிறுவனத்தில் அடைபட்டிருப்பவருக்கு இந்தப் பணம் கிடையாது. வெளி ஆஸ்பத்திரியில் நோயாளியாகப் படுத்தால் மட்டும் விதிவிலக்கு. சிறைச் செலவு மாநிலத்தின் பொறுப்பு, மத்திய அரசு அதை ஏன் சுமக்க வேண்டும் என்பது யோசனை.

அன்றைக்கு இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. 1970களின் தொடக்கத்தில் மாநில, மத்திய சிறைகளில் இருந்தவர்கள் சுமார் 2 லட்சம் பேர்தான். பிறகு போதைப் பொருளுக்கு எதிரான போர், நீண்ட தண்டனைகள் என்று வந்து 2009 வாக்கில் அந்த எண்ணிக்கை 16 லட்சத்தைத் தொட்டது. உள்ளூர்ச் சிறைகளையும் சேர்த்தால் 20 லட்சத்துக்கு மேல். அந்த ஒரு வரியின் விளைவும் அதற்கேற்ப வீங்கியது.

நடைமுறையில் இது எப்படி வேலை செய்தது? ஒருவர் உள்ளே போனதும் பல மாநிலங்களில் அவருடைய காப்பீட்டை ரத்து செய்துவிடுவார்கள். வெளியே வந்ததும் முதலிலிருந்து விண்ணப்பம் போட வேண்டும். அதற்கு அடையாள அட்டை வேண்டும், விலாசம் வேண்டும். இரண்டும் பலரிடம் இருக்காது. அட்டை வரும்வரை இன்சுலினுக்கு யார் காசு கொடுப்பது? சிறையில் எழுதிய மருத்துவக் குறிப்புகள் வெளியே இருக்கும் டாக்டருக்குப் போகாது. கலிபோர்னியாவில் விடுதலையாகிறவருக்குக் கொடுக்கும் வழிச்செலவுப் பணத்தை 1973இல் 200 டாலர் என்று வைத்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்தும் அதே 200 தான்.

ஆக, கைதியாக இருக்கும்வரை அரசியல் சட்ட உரிமை. சுதந்திர மனிதன் ஆன நிமிடத்தில் ஒன்றுமில்லை!

பதினான்கு நாட்கள்

இதனால் எத்தனை பேர் சாகிறார்கள் என்று வெகுகாலம் யாரும் சரியாக எண்ணவில்லை. சிறைக்குள் செத்தால் பதிவேட்டில் வரும். வெளியே வந்து செத்தால் அவன் யாரோ ஒருவன்.

2007 ஜனவரியில் இங்க்ரிட் பின்ஸ்வாங்கர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து 1999 ஜூலை முதல் 2003 டிசம்பர் வரை விடுதலையான 30,237 பேரின் பெயர்களை மரணப் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். சராசரியாக இரண்டு ஆண்டுக்கும் சற்றுக் குறைவான காலத்தில் 443 பேர் இறந்திருந்தார்கள். அதே வயது, பால், இனத்தைச் சேர்ந்த மற்ற மக்களோடு ஒப்பிட்டால் இவர்கள் சாகும் வாய்ப்பு மூன்றரை மடங்கு.

அதைவிட அதிர்ச்சி முதல் இரண்டு வாரக் கணக்கு. அந்தப் பதினான்கு நாட்களில் மட்டும் சாகும் வாய்ப்பு 12.7 மடங்கு. போதை மருந்து அதிகமாகி இறக்கும் வாய்ப்பு 129 மடங்கு.

ஏன் அந்த இரண்டு வாரம்? காரணம் உடம்பில் இருக்கிறது. ஹெராயின் போன்றவற்றுக்குப் பழகிய உடம்பு போகப் போக அதிக அளவைத் தாங்கும். சிறையில் மாதக்கணக்கில் கிடைக்காமல் இருந்தால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடும். ஆனால் மூளையில் இருக்கும் ஏக்கம் போகாது. வெளியே வந்தவர் பழைய நினைப்பில் பழைய அளவையே எடுக்கிறார். உடம்போ புதியவனின் உடம்பு. மூச்சு நின்றுவிடுகிறது. சிறையில் போதையை நிறுத்தியாயிற்று, ஆள் குணமாகிவிட்டான் என்று எல்லோரும் நினைக்கும் அந்த நேரம்தான் அவருக்கு மிக ஆபத்தான நேரம்.

போதை மட்டும் இல்லை. மாரடைப்பு, கொலை, தற்கொலை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோகும். மனநல மருந்து நின்றுபோகும். படுக்க இடம் இருக்காது.

வழி காட்டியவர்கள்

இந்த ஆய்வு வெளிவருவதற்கு ஓராண்டுக்கு முன்பே சான் ஃபிரான்சிஸ்கோவில் சிலர் வேலையை ஆரம்பித்திருந்தார்கள். 2006இல் எமிலி வாங், ஷிரா ஷவித் என்ற இரண்டு மருத்துவர்கள் சிறையிலிருந்து வந்தவர்களுக்காக டிரான்சிஷன்ஸ் கிளினிக் என்ற பெயரில் ஒரு மருத்துவ மையம் தொடங்கினார்கள். விடுதலையாகிப் பலர் திரும்பிவரும் பேவியூ ஹன்டர்ஸ் பாயின்ட் பகுதியிலேயே அதை வைத்தார்கள்.

அதில் முக்கியமான ஆள் டாக்டர் இல்லை, சுகாதாரப் பணியாளர். அவரும் ஒரு காலத்தில் சிறையில் இருந்தவர்! விடுதலையானவரைத் தேடிப் போய்ப் பேசுவது, காப்பீட்டு விண்ணப்பம் நிரப்ப உதவுவது, மருந்துக்கடைக்குக் கூட்டிப்போவது, ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்காருவது எல்லாம் அவர் வேலை. சீருடை போட்ட யாரையும் நம்பாத ஒருவர், தன்னைப்போல் உள்ளே இருந்து வந்தவரை நம்புகிறார். 200 பேரை வைத்து நடத்திய ஒப்பீட்டு ஆய்வு 2012இல் வெளியானது. இந்த மையத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு ஓடுவது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. பிறகு இதே மாதிரி மையங்கள் பல மாநிலங்களில் வந்தன. 2022இல் எமிலி வாங்குக்கு மெக்ஆர்தர் நிதிநல்கை கிடைத்தது.

இன்னொரு வழியைக் காட்டியது அமெரிக்காவின் மிகச் சின்ன மாநிலமான ரோட் ஐலண்ட். 2016இல் அந்த மாநிலம், போதைப் பழக்கத்துக்கான மெத்தடோன், புப்ரெனார்ஃபின், நால்ட்ரெக்ஸோன் ஆகிய மூன்று மருந்துகளையும் சிறைக்குள்ளேயே கொடுக்க ஆரம்பித்தது. விடுதலையான பிறகு வெளி மையங்களில் அதே சிகிச்சை தொடரும். 2016, 2017 ஆண்டுகளின் முதல் ஆறு மாதங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். போதை மருந்து அதிகமாகி இறந்தவர்களில் சமீபத்தில் சிறையிலிருந்து வந்தவர்கள் முந்தைய ஆண்டு 26 பேர். அடுத்த ஆண்டு 9 பேர். சின்ன மாநிலத்தின் சின்ன எண்கள்தான். ஆனால் குறைந்த ஒவ்வொன்றும் ஓர் உயிர்.

ஐரோப்பாவில் வேறு பாதை பிடித்தார்கள். சிறை டாக்டர் சிறைத்துறையின் ஊழியராக இருந்தால் அவர் நோயாளிக்கு விசுவாசமாக இருப்பாரா, மேலதிகாரிக்கு விசுவாசமாக இருப்பாரா? இந்தக் கேள்விக்கு நார்வே 1988இல் பதில் சொன்னது. சிறை வைத்தியத்தை உள்ளூர் நகராட்சியின் சுகாதாரத் துறையிடம் கொடுத்துவிட்டது. ஊருக்கு வைத்தியம் பார்ப்பவரே சிறைக்கும் பார்ப்பார். ஹோவர்டின் இங்கிலாந்து இதைச் செய்ய இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று. 1948இல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோது சிறைகளைச் சேர்க்கவில்லை. 2003 முதல் 2006 வரை படிப்படியாகத்தான் சிறை மருத்துவம் அதற்கு மாறியது. உள்ளேயும் வெளியேயும் ஒரே துறையின் பொறுப்பு என்றால் கதவில் விழும் இடைவெளி குறையும்.

2015இல் ஐக்கிய நாடுகள் சபை கைதிகளை நடத்துவதற்கான விதிகளைத் திருத்தி அவற்றுக்கு நெல்சன் மண்டேலாவின் பெயரை வைத்தது. மண்டேலாவே 1988இல் சிறையில் காசநோய் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்தான். அதில் 24ஆவது விதி, வெளியே சமுதாயத்தில் கிடைக்கும் தரத்திலேயே கைதிக்கும் வைத்தியம் வேண்டும் என்கிறது. அதே விதி, காசநோய், எச்.ஐ.வி., போதைப் பழக்கம் போன்றவற்றுக்கான சிகிச்சை அறுந்துபோகாமல் தொடர வேண்டும் என்றும் சொல்கிறது.

பஸ்ஸில் ஏறி வந்த நோய்

இவ்வளவு கற்ற பிறகும் 2020இல் கொரோனா வந்தபோது பழைய கதை திரும்பியது. அந்த மே மாதக் கடைசியில் கலிபோர்னியாவின் சீனோ சிறையில் நோய் பரவிக்கொண்டிருந்தது. கைதிகளைக் காப்பாற்றுகிறோம் என்று சுமார் 120 பேரை பஸ்களில் ஏற்றி, அதுவரை நோயே இல்லாத சான் குவென்டின் சிறைக்கு அனுப்பினார்கள். பலருக்குப் பரிசோதனை செய்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது. விளைவு, சான் குவென்டினில் 2,000 பேருக்கு மேல் நோய். 28 கைதிகள் இறந்தார்கள், ஒரு சிறை அதிகாரியும் இறந்தார். தினமும் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் காவலர்கள், சமையல்காரர்கள், நர்சுகள் எல்லோருக்கும் அந்தச் சுவர் வெறும் கோடுதான். 1750இல் நீதிபதிக்கு எப்படியோ அப்படித்தான்.

கதவருகே ஒரு மாற்றம்

கடைசியில் 1965இன் அந்த ஒரு வரியில் ஒரு சின்ன ஓட்டை போட்டார்கள். 2023 ஜனவரி 26ஆம் தேதி, விடுதலைக்கு முந்தைய 90 நாட்கள் வரை சிறைக்குள்ளேயே மெடிக்கெய்டு பணத்தில் சில சேவைகள் கொடுக்க கலிபோர்னியாவுக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தது. அந்த அனுமதியைப் பெற்ற முதல் மாநிலம் அதுதான். அதே ஆண்டு ஏப்ரலில் மற்ற மாநிலங்களுக்கும் வழிகாட்டுதல் வந்தது. இந்த ஏற்பாட்டுக்குள் வரும் மாநிலம் குறைந்தபட்சம் மூன்றைச் செய்ய வேண்டும். விடுதலையாகிறவருக்கு வெளியே டாக்டரையும் மற்ற உதவிகளையும் ஏற்பாடு செய்ய ஓர் ஆள், போதைப் பழக்கத்துக்கு மருந்து, கதவைத் தாண்டும்போது கையில் 30 நாளைக்கான மாத்திரை.

முப்பது நாள் மாத்திரை! கேட்பதற்கு எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது. சுண்ணாம்பு அடியுங்கள், குளிக்கத் தண்ணீர் கொடுங்கள் என்று 1774இல் சொன்னதும் இதேபோல் சாதாரண விஷயம்தான். சிறை மருத்துவத்தின் வரலாற்றில் உயிரைக் காப்பாற்றியவை பெரும்பாலும் இப்படிப்பட்ட மலிவான காரியங்களே. மருந்து தெரியாததால் செத்தவர்களைவிட, தெரிந்த மருந்தை யார் கொடுப்பது என்ற சண்டையில் செத்தவர்கள் அதிகம்.

இந்த வரலாற்றில் இன்னொரு விஷயமும் தெரிகிறது. ஒவ்வொரு சீர்திருத்தமும் வெளியே இருப்பவர்கள் பயந்த பிறகுதான் சூடு பிடித்தது. நீதிபதிகள் செத்ததும் காற்றாலை வந்தது. அட்டிகாவில் பிணம் விழுந்ததும் கணக்கெடுப்பு வந்தது. ஆனால் விடுதலையாகி பத்தாவது நாள் ஏதோ ஒரு விடுதி அறையில் தனியாகச் செத்துக் கிடப்பவனால் யாருக்கும் தொற்று இல்லை, யாருக்கும் பயம் இல்லை. அதனால்தான் அவன் கடைசியாகக் கவனிக்கப்பட்டான்.

சிறைக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் என்றைக்காவது ஒரு நாள் திரும்பி வருகிறவர்கள்தான். ஒருவருக்கு ஐந்து ஆண்டு சிறை என்று கோர்ட் சொன்னால் அதன் அர்த்தம் ஐந்து ஆண்டு சிறை மட்டுமே. அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்குள் மரணம் என்று எந்த நீதிபதியும் எழுதுவதில்லை. எழுதாத அந்தத் தண்டனையை நீக்குவதற்குத் தேவைப்படுவது ஒரு மாதத்து மருந்தும், கதவுக்கு வெளியே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் காத்திருக்கும் ஒரு மனிதரும்.